காதுக்குறி போட்ட கிராங்க்

வண்டி இஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் வெறுமனே தேய்ந்திருக்கிறதா, விரிசலே விட்டுவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல சுயூனுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் முறைப்படி ஒவ்வொன்றாகச் செய்தான். மண்ணெண்ணெயில் கழுவினான். பழைய சட்டைத் துணியால் ஈரம் போகத் துடைத்தான். மேலெல்லாம் சாக்பீஸைத் தேய்த்து வெளுக்க வைத்தான். பிறகு மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும்.

கோடு விழுந்தது. மூன்றாவது பிஸ்டன் பிடிக்கும் இடத்தில், மயிரிழையாகத் தொடங்கி, நீலம் பாய்ந்த இரும்பைச் சுற்றி வளைந்தது.

இது நடக்கக் காரணம் என்ன என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நரின் ஊருக்கு இறங்கும் பாதையில் ஒரு கல் வண்டியின் அடிவயிற்றில் அடித்து ஆயில் ஒழுகிவிட்டது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பின் இருக்கையில் அம்மா படுத்திருந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி மெஷின் அவள் ரத்தத்தைக் கழுவித் தரவேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று அவன் ஓட்டிக்கொண்டே போனான்.

இப்போது பக்கத்து வீட்டு காசிமாலி அவளைத் தன் நிலக்கரி லாரியில் முன்னால் உட்காரவைத்து அழைத்துப் போகிறான். அடுத்த வாரம் அவன் சுரங்கத்துக்குத் திரும்பிவிடுவான். மெஷினுக்குப் போகாமல் நின்றால் அந்தப் படுக்கை வேறு ஒருவருக்குப் போய்விடும். பிறகு தலைநகர் பிஷ்கெக்கில்தான் இடம் தேடவேண்டும். அங்கே அவர்களுக்கு யாரும் இல்லை.

கிராங்கைச் சாக்கில் போடுமுன், சுழலும்போது சமன் பிடிக்க அதிலேயே வார்த்திருக்கும் எடைக்கட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் கடைசல் பட்டறைக்குக் கிராங்க் கொடுக்கும்போது, இன்னொருவனுடையதோடு மாறிப்போகாமல் இருக்க, தங்கள் ஆடுகளுக்குக் காதில் வெட்டும் அதே குறியை அரத்தால் அதில் ராவிவிடுவார்கள். சுயூனின் ஆடுகளுக்கு இடது காதில் முக்கோண வெட்டு. அவன் தன் கிராங்கில் ராவிய அந்த முக்கோணம் இதில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இஞ்சினைப் பிரித்துக் கட்டியவன் அண்ணன் ஓமுர்பெக். வேறு ஏதாவது பொறுக்கிப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கேட்க அண்ணன் இல்லை. வசந்த காலத்தில், வைக்கோல் போரின் மேல் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழவில்லை.

நரின் சந்தையில் வண்டிச் சாமான் விற்கும் கண்டெய்னர்கள் ஒரு வரிசையாக நிற்கும். இஸ்கார் தன் கடை வாசலில் சூப் குடித்துக்கொண்டிருந்தான். சாக்கைத் திறந்து பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"என்னப்பா இது, தண்ணி ஊத்தி ஓட்டினியா?"

"உன்கிட்ட இருக்கா, இல்லையா?"

"இல்லாமலா? இதோ பாரு, துடைச்சு வெச்ச கண்ணாடி மாதிரி." உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிவந்தான்.

சுயூன் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தான். தன் ஜிகுலிக் காருக்கு, எல்லோரும் 'ஆறு' என்று கூப்பிடும் அந்த மாடலுக்கு, பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்க வேண்டுமோ அந்த நீளத்துக்கு வெட்டிய குச்சி அது. கிராங்கைத் திருப்பி வைத்து அளந்தான். குச்சி நீட்டிக்கொண்டு நின்றது.

"இது 'ஒண்ணு' மாடலோடது, இஸ்கார். கச்சிதமா உட்காரும். ஆனா பிஸ்டன் மேலே வரைக்கும் ஏறாது. வண்டி இருமிக்கிட்டே நிக்கும்."

"குச்சியோட சந்தைக்கு வர்றவனை இன்னிக்குத்தான் பாக்கிறேன். சரி, கோவிச்சுக்காதே. ஆறோடது கிடையாது. எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க." உடைந்த கிராங்கைத் திருப்பி, வார்ப்பில் இருந்த எண்ணைக் கட்டைவிரலால் துடைத்தான். "ஆமா, இது நிவா ஜீப்போட கிராங்க் ஆச்சே. பெரிய எடைக்கட்டி போட்டது. ராஜா மாதிரி ஓடுமே. எங்கே பிடிச்சே?"

"தெரியாது. அண்ணன் போட்டான்."

"அப்போ நிவாவோடதைத் தேடு. ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க மாதிரி. அப்படியே மாத்திக்கலாம்." கொஞ்சம் தயங்கினான். "உங்க வீட்டிலேயே ஒரு நிவா சும்மா நிக்குதாமே. கறுப்புத் துணி கட்டி. ஆண்டு விருந்துக்கு அதை அறுத்து வேகவைக்கப் போறீங்களா?"

சுயூன் சிரிக்கவில்லை. இஸ்கார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதே. நல்ல மனுஷன் அவன்" என்றான்.

அந்தத் துணியைக் கட்டியது அம்மா, சாய்ரா அம்மாள். ஓர் ஆண்மகன் இறந்தால் அவன் ஏறிய குதிரையின் வாலைக் கத்தரித்து, வருஷம் முடிந்து அதை அறுத்து வைக்கும் ஆண்டு விருந்து வரைக்கும் வேறு யாரும் அதில் ஏறாமல் காப்பார்கள். ஓமுர்பெக்கிடம் குதிரை இல்லை, நிவாதான் இருந்தது. நாற்பதாம் நாள் முடிந்ததும் சாய்ரா அம்மாள் அதன் கண்ணாடியில் கறுப்புத் துணியைக் கட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தினாள். தொழுகை நடத்துகிறவரே வந்து, இரும்புக்கு இதெல்லாம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தார். அவள் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள், துணியை அவிழ்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சுயூன் அவள் கட்டிலருகே உட்கார்ந்தான். ஊசி குத்திக் குத்தி அவள் இடது கையில் நரம்பு முடிச்சாகப் புடைத்திருந்தது.

"ஆபா, காசிமாலி போறதுக்குள்ளே நான் வேற சாமான் பாத்துடுவேன்னு நினைச்சேன். கிடைக்கலை. நிவாவிலேயே போயிடலாமே."

"என் பிள்ளை குதிரையிலே இன்னொருத்தன் ஏறுறதா? நான் கண்ணை மூடினப்புறம் ஏறு."

"நீ கண்ணை மூடக்கூடாதுன்னுதான் கேக்கிறேன்."

அவள் புடைத்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "உன் வண்டிக்கு என்ன வேணும்?"

"கிராங்க். இஞ்சினோட முதுகெலும்பு மாதிரி. நிவாவிலே இருக்கிறது எனக்குச் சேரும்."

"அப்போ அதை எடுத்துக்கோ. ஏறத்தான் கூடாது. உள்ளே இருக்கிறதை எடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலை." பிறகு, "அவ கிட்ட கேட்டுட்டுச் செய்" என்றாள்.

அவள் என்றது ஓமுர்பெக்கின் மனைவி ஜிபார். சுயூன் அண்ணியை ஜெங்கே என்றுதான் கூப்பிடுவான். அவன் சொன்னதை அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள். முகம் திரும்பவில்லை.

"எடுத்துட்டா அது வெறும் தகரம்தானே, சுயூன்?"

"வேற கிடைச்சதும் திருப்பிப் போட்டுடுவேன், ஜெங்கே."

"நீ சொன்னா செய்வே. ஆனா நீ பிரிக்கும்போது நான் பக்கத்திலே இருப்பேன். தனியா விடமாட்டேன்." எதைத் தனியாக விடமாட்டாள் என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகை உத்தரத்தில் சங்கிலி போட்டு இஞ்சினைத் தூக்கினார்கள். காசிமாலி ஒரு கை பிடித்துவிட்டு லாரிக்கு ஓடினான். இஞ்சினைப் பழைய டயர் மேல் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஜிபார் கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் பலகையில் அடுக்கினாள். கணவனிடம் பழகிய கை. ஆயில் தட்டைத் தூக்கினான். கிராங்க் கரும்பளபளப்பாக உள்ளே படுத்திருந்தது.

எடைக்கட்டிகள் சின்னதாக இருந்தன.

சுயூன் கிட்டே குனிந்தான். நிவாவின் எண் இல்லை. பழைய எண், ஆறில் வரும் எண். துணியால் எடைக்கட்டியின் விளிம்பைத் துடைத்தான். அரத்தால் ராவிய முக்கோணம் தெரிந்தது. கொஞ்சம் கோணல், அரம் வழுக்கியது. அவனே ராவியது.

"என்ன?" என்றாள் ஜிபார்.

அவன் ஒரு பேரிங் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த உலோகப் பட்டையின் முதுகைத் திருப்பிப் பார்த்தான். அதில் குத்தியிருந்தது கடைசி அளவு. இதற்கு மேல் கடைசல் பிடிக்கக் கிராங்கில் சதை இல்லை. இன்னொரு முறை தேய்ந்தால் குப்பைக்குத்தான்.

"ஜெங்கே, இது என்னோடது."

"புரியலை."

"என் வண்டியிலே இருந்த பழைய கிராங்க். தன்னோட நல்லதைக் கழட்டி எனக்குப் போட்டுட்டு, செத்துப்போன என்னோடதைக் கடைஞ்சு தனக்கு மாட்டியிருக்கான். நான் உடைச்சது அவனோடது."

ஜிபார் கையிலிருந்த போல்ட்டைப் பலகையில் வைத்தாள். "உன் இஞ்சினைக் கட்டின வாரம் ரெண்டு இஞ்சினையும் ஒண்ணாத்தான் இறக்கியிருந்தார். உன்னைப் புல்லறுக்க அனுப்பினாரே, அப்போ. என்னத்துக்கு ரெண்டுன்னு கேட்டேன். சும்மா கழுவுறேன்னார்." பிறகு மெதுவாக, "ஏன் சொல்லலை?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் தான் வாங்கியிருப்போமா என்றும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சிவப்பு விளக்குக்கு நிறுத்தியிருப்போமோ என்று மட்டும் ஓர் எண்ணம் வந்து, போகாமல் நின்றது.

"இது உன் வண்டிக்குச் சேருமா?" என்று கேட்டாள்.

"சேரும். அங்கேயிருந்து வந்ததுதானே."

"அப்போ எடு."

அவன் ஸ்பானரைக் கையில் எடுத்தான். அடுத்த மூடியின் போல்ட்டில் வைத்தான். திருக முடியவில்லை. அண்ணன் தனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான், அதையும் உருவுவதா? ஸ்பானரை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

சாய்ரா அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் முக்கோணத்தைச் சொன்னான், எடைக்கட்டியைச் சொன்னான், இஸ்கார் சொன்னதையும் சொன்னான். அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று சந்தேகமாக இருந்ததால் முதலிலிருந்து இன்னொரு முறையும் சொன்னான்.

"நிறுத்துடா. முதல் தடவையே புரிஞ்சுது." அவள் கண் அவன்மேல் இல்லை. "அது எப்போ? எனக்கு மெஷின் ஆரம்பிச்ச வருஷமா?"

"ஆமா. அந்த இலையுதிர் காலம்."

"அவன் வண்டி விறகுக்குப் போகும். உன் வண்டியிலே நான் போவேன்." அதை அவள் கேள்வியாகச் சொல்லவில்லை. போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "அவன் போனதுக்கப்புறமும் நான் உன் வண்டியிலேதான் போனேன். இல்லையா?"

"ஆமா, ஆபா."

"அப்படின்னா இத்தனை மாசமா அவன் குதிரையிலே ஏறிப் போனது நான்தான். துணியைக் கட்டினவளும் நான், ஏறினவளும் நான்."

சுயூன் கட்டிலை ஒட்டி வந்து உட்கார்ந்தான். அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அவள் காலைக் கீழே போட்டு, செருப்பைத் தேடினாள்.

"உள்ளே ஒண்ணையும் எடுக்காதே. எப்படி இருந்துதோ அப்படியே மூடு. நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி."

மூடிகளுக்கு அதனதன் இடம் உண்டு, மாற்றி வைத்தால் கிராங்க் இறுகிவிடும். கழற்றிய ஒரே மூடியை அவன் அதன் வெட்டுக்குறி பார்த்து வைத்தான். சரியாக வைத்தோமா என்று மறுபடி பார்த்தான். ஜிபார் வரிசையாக போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் இஞ்சின் தன் இடத்துக்கு இறங்கியது. புது ஆயில் ஊற்றினான்.

காலையில் காசிமாலி லாரியோடு வந்து, கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தியிருந்த நிவாவைப் பார்த்து வாயைப் பிளந்தான். "கிழவி ஏறச் சம்மதிச்சாளா?"

"காது கேக்குதுடா எனக்கு" என்றாள் சாய்ரா அம்மாள், ஜிபாரின் தோளைப் பிடித்து நடந்து வந்தபடி. "நீ சுரங்கத்துக்குப் போ. உன் லாரியிலே என் இடுப்பு கழண்டுபோச்சு."

நிவாவின் அருகே வந்ததும் நின்றாள். கண்ணாடியில் கட்டியிருந்த கறுப்புத் துணியைத் தொட்டாள். சுயூன் அவிழ்க்கக் கை நீட்டினான்.

"இருக்கட்டும். விருந்து வரைக்கும் துணி இருக்கட்டும்."

அவள் பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டாள். ஜிபார் போர்வையைப் போர்த்திவிட்டு, அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சுயூன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் இரண்டு முறை முனகிப் பிடித்தது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"போயேன்டா, நேரமாகுது" என்றாள் அம்மா.

"கொஞ்சம் இரு, ஆபா."

விளக்கு அணைந்த பிறகுதான் அவன் கியரைப் போட்டான்.