குழாயின் பின்பக்கம்

ஜெர்மன்காரன் கொடுத்த அந்த டாங்கி எதிர்ப்புக் குழாய்க்கு முன்னால் நின்றாலும் சாவு, பின்னால் நின்றாலும் சாவு. சுட்டால் முன்பக்கம் குண்டு பாயும். பின்பக்கம் இரண்டு ஆள் நீளத்துக்கு நெருப்பு பாயும். முப்பது மீட்டருக்கு மேல் எட்டாது. ஒரு தடவை சுட்டால் தீர்ந்தது. ருஷ்ய எல்லையோரக் கரேலியாவின் அந்தக் குன்றுச் சரிவில் சிப்பாய் வில்யோவிடம் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்.

அவன் நின்ற, ஓர் ஆள் அகலமே உள்ள பதுங்குகுழியில், அவனுக்கு நேர் பின்னால் அக்கா ஐலாவின் புருஷன் ஆர்வி கிடந்தான். குண்டு விழுந்து சரிந்த பைன் கட்டை அவன் கால்களை மண்ணோடு அழுத்தியிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி நிலவறையில், அடிபட்ட ஒன்பது பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ருஷ்ய டாங்கி நேராக வந்துகொண்டிருந்தது.

"மச்சான், கையை ஊனிக் கொஞ்சம் நகருங்க!"

"நகர முடிஞ்சா ஏன்டா துரை மாதிரி படுத்துக் கிடக்கேன்? சுடு."

"நெருப்பு உங்க மூஞ்சியிலதான் அடிக்கும்."

"உங்க அக்கா இந்த மூஞ்சிக்கு ஒருநாளும் சொக்கினதில்ல. சுடுடா!"

மேலே ஏறிச் சுடலாமென்றால் டாங்கியின் இயந்திரத் துப்பாக்கி குழி விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தது. வில்யோ கட்டையை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. குழாயை அக்குளில் இடுக்கிக் குறி பார்த்தான். நாற்பது மீட்டர். முப்பது. பின்னால் ஆர்வி முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? கண் எதிரே இரும்பு வளர்ந்தது. விரல் மடங்கவே இல்லை.

டாங்கி குழியைத் தாண்டிப் போனது. முன்பக்கம் சரிந்த மண் வில்யோவை மார்பளவுக்கு மூடியது. கைகளை உருவிக்கொண்டு அவன் மேலே ஏறியபோது, அது ஐம்பது மீட்டர் போயிருந்தது. எட்டாதென்று தெரியும். தெரிந்தும் சுட்டான். குண்டு பாதி வழியில் புதரில் விழுந்து வெடித்தது.

டாங்கி நிலவறைக் கூரைமேல் ஏறி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றியது. கட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு அது காட்டுக்குள் போய்விட்டது.

வில்யோ குழிக்குள் இறங்கி, ஆர்வியின் கால்மேல் இருந்த மண்ணைக் கைகளால் வாரத் தொடங்கினான்.

"ஒன்பது பேருடா."

"தெரியும், மச்சான்."

"நான் சுடச் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

ஆர்வி முஷ்டியை மடக்கி அந்தக் கைகளின்மேல் குத்தினான். குத்திக்கொண்டே அழுதான். வில்யோ கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. மண்ணை வாரிக்கொண்டே இருந்தான்.