மோனிஷா சாப்பிட்டாளா

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்ல மெஷின் வைத்த ஆடி மாதத்திலிருந்து, மோனிஷாவின் வயிறு அவள் வாயைத் திறக்காமலே நிறையத் தொடங்கியது. முதல் நாள் எலுமிச்சை சாதம். அன்று காலையில் அவள் வீட்டில் குடித்தது வெறும் கஞ்சி. மதியச் சாப்பாட்டு டப்பா பையில் பிரிக்காமல் கிடந்தது. மாடியில் ஒரு கல்யாண வீட்டாருக்கு அரக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவளுக்குப் புளிப்பும் கடுகு வாசனையுமாக ஓர் ஏப்பம் வந்தது. கல்யாண வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஓர் ஏப்பத்தை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? அவளும் விட்டுவிட்டாள்.

கடை ஜினகுமாருடையது. மோனிஷாவுக்கு அவர் பெரியப்பா. ஜைனர், எறும்பைக்கூட மிதிக்காமல் நடப்பவர், வியாபாரத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பவர். தம்பி இறந்தபின் தம்பி மகளுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதை அவ்வப்போது ஞாபகப்படுத்தவும் அவர் தவறுவதில்லை. இரண்டு வருஷமாகக் கடை போனில் வருகிறவர்களுக்கெல்லாம் பதில் எழுதி வந்தவள் மோனிஷா. நம் பக்கத்து ஜனங்களுக்கு விலை கேட்பதற்கு முன்னால் "சாப்டியாமா?" என்று கேட்டாக வேண்டும், கேட்காவிட்டால் அவர்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். அவளும் ஆச்சு என்றால் ஆச்சு, இல்லை என்றால் இல்லை என்று எழுதுவாள். சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் அவள் எழுதியதையெல்லாம் அள்ளி மெஷினுக்குப் புகட்டினார்கள். அவள் பெயரையே அதற்கு வைத்து, மாம்பழக் கலர் புடவையில் அவள் நிற்கிற போட்டோவையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். மெஷினுக்கு எல்லாம் அவளைப் போலவே வந்தது, ஒன்றைத் தவிர. யார் கேட்டாலும் எந்நேரம் கேட்டாலும் அது சாப்பிட்டேன் என்றே சொன்னது, என்ன சாப்பிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னது. இல்லை என்றால் கேட்கிறவர் மனசு சங்கடப்படுமாம். இது மெஷின் என்று ஜனங்களிடம் சொல்லிவிடலாமே என்று மோனிஷா கேட்டதற்குப் பெரியப்பா, "நான் எங்கமா பொய் சொன்னேன்? சொல்லாம இருக்கறேன், அவ்ளோதான்" என்றார்.

வயிற்றுக்கும் மெஷினுக்கும் உள்ள சங்கதி தெரியவந்தது தற்செயலாகத்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகன் நிர்மல், சிங்கப்பூர்க்காரி ஒருத்தியோடு மெஷின் கொஞ்சுவதைப் பார்த்துச் சிரித்தபடி சத்தமாகப் படித்தான்: "இப்பதான்கா, சூடா ரவா தோசை சாப்டேன்." படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற மோனிஷாவுக்கு மிளகும் முந்திரியும் தொண்டை வரை வந்தன. அவள் அவனையே ஒரு முறை கேட்கச் சொன்னாள். கேட்டான். மெஷின் வெண்பொங்கல் என்றது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நிர்மல், "ஐயோ, நெஜமாவா? ஃப்ரீயா லஞ்ச் வருதேடி உனக்கு!" என்றான். கேட்கிறவர் எத்தனை பேரானாலும் வயிறு ஒன்றுதானே. முதலில் வந்ததோடு அது நிறைந்துவிடும், அதற்குமேல் ருசிகள் மட்டும் வந்து வந்து போகும். பசி என்ற ஒன்று அவளை விட்டு ஒழிந்தது. அம்மா மதனவதி கட்டிக் கொடுத்த டப்பா அப்படியே திரும்பி வந்தது.

பகலில் நிறைந்தவரை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இரவுதான் அவளைக் கொன்றது. ஏழு வயதில் திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் வர்த்தமானர் முன்னால் நின்று, பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று விரதம் எடுத்தவள் அவள். காய்ச்சலில் கிடந்தபோதும், காலேஜ் டூர் போனபோதும் அதை மீறியதில்லை. அவளிடம் அவளுக்கே பெருமையாக இருந்தது அது ஒன்றுதான். இப்போது தினம் ஒன்பது மணிக்கு, படுக்கையை உதறிப் போடும் நேரத்தில், யாரோ எங்கிருந்தோ கேட்க, மெஷின் சாப்பிட்டேன் என்று சொல்ல, அவள் வயிற்றில் இட்லியோ சப்பாத்தியோ வந்து இறங்கியது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். மதனவதிக்கு முதலில் வந்தது சந்தேகம். சமையலறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டும் மகளிடம் தோசை வாசனை வந்தபோது, ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனாள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வருவதா என்று ஸ்கேன் சென்டர்ப் பெண் இருவரையும் திட்டித் திருப்பி அனுப்பினாள். கோயில் வாத்தியார் மட்டும் பொறுமையாகக் கேட்டார். கை தொடவில்லை, நாக்கு மெல்லவில்லை, மனசு சம்மதிக்கவில்லை, ஆகவே பாவம் இல்லை என்றார். ஆனால் வயிறு நிறைந்திருக்கிறதே, அப்போது யார் சாப்பிட்டது என்று அவரே திரும்பக் கேட்டுக்கொண்டு, தாடையைச் சொறிந்தபடி, தீபாவளி கழித்து வரச் சொன்னார்.

ஊர் இதற்குள் மெஷினோடு உறவாடத் தொடங்கிவிட்டது. வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் தன் தம்பிக்கு அதைப் பெண் கேட்டார். ஐயம்பேட்டையிலிருந்து ஓர் அம்மா மாசா மாசம் கோயில் குங்குமம் அனுப்பினாள். குங்குமத்தை யார் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடையிலிருந்த எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். மோனிஷாவை நேரில் பார்க்க வந்த சிலர், போனில் இருக்கிற பெண்ணின் கலகலப்பு இவளிடம் இல்லையே என்று குறைப்பட்டு, இவள் அவளுடைய அக்காவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

கார்த்திகையில் வந்தது வினை. மோனிஷாவுக்கு வந்தவாசிப் பக்கத்து அபிஷேக்கை நிச்சயம் செய்திருந்தது. அவனுடைய அம்மா சம்பூர்ணம் நியமங்களில் கறார். ஒரு நாள் இரவு, முகூர்த்தப் புடவையின் கரையைப் பற்றிக் கேட்கக் கடை நம்பருக்கே எழுதியவர், வருங்கால மருமகள் என்ற பாசத்தில் "சாப்டியாமா?" என்று கேட்டுவைத்தார். "இப்பதாம்மா, சுடச்சுட சப்பாத்தி. உங்க மூட்டுவலி எப்படி இருக்குது? ராத்திரில எண்ணெ தேச்சுக்குங்க" என்றது மெஷின். மறுநாள் காலையில் அவர்கள் கார் மோனிஷா வீட்டு வாசலில் நின்றது. எழுதியது மெஷின் என்று ஜினகுமார் சத்தியம் செய்தார். சம்பூர்ணம் நம்பவில்லை. "மெஷினா? பெத்த புள்ளகூட என் மூட்டுவலியக் கேட்டதில்ல. உங்க மெஷினுக்கு அந்த அக்கற எங்கேந்து வந்துச்சி? என்னைக்கோ ஒருநா சொன்னத ஞாபகம் வச்சிக்கினு கேக்குது" என்றார். பிறகு மோனிஷாவின் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு. ராத்திரி சாப்டியா இல்லியா?" என்றார். இல்லை என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். பொய் சொல்லத் தெரியாத பெண்ணாயிற்றே, "நான் சாப்பிடல அத்தை. ஆனா வயித்துல இருக்குது" என்றாள். மதனவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் சம்பூர்ணம் ஒரு தவணை கொடுத்தார். மார்கழி பிறப்பதற்குள் இந்தக் குழப்பம் தீர வேண்டும், தீராவிட்டால் சம்பந்தம் இல்லை. ஜினகுமாருக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் ஒரு மெஷின், எனக்குச் சாப்பாடு கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லும்படி மெஷினை மாற்ற ஒரு வெள்ளிக்கிழமை குறித்தது. மோனிஷா அந்த வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டு இருந்தாள்.

அதற்கு முந்தின நாள் தாமலிலிருந்து திரிஷா வந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிற பெண், கழுத்தில் இன்னும் ஐடி கார்டு தொங்கியது. படியேறி வந்தவள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் பார்த்திருக்க, மோனிஷாவைக் கட்டிக்கொண்டாள். மோனிஷாவுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. "ஏய், நான்தான்பா, திரிஷா! லீவு கெடைக்கவேயில்ல, இன்னிக்குதான் ஆஃப் போட்டேன்." ஆவணியில் நிச்சயத்துக்கு இந்தக் கடையில்தான், போனிலேயே பேசிப் புடவை எடுத்தாள். புரட்டாசியில் மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான். புடவை பற்றிப் பேசத் தொடங்கியது மற்றதைப் பற்றி எல்லாமாகி, தினம் இரவு ஒன்பது மணிக்கு என்று ஆனது. அது மெஷின் என்று மோனிஷா சொன்னபோது முதலில் சிரித்தாள். நிர்மல் மெஷினைத் திறந்து காட்டியதும், புடவை விரிக்கிற வெள்ளை மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குச் சோறே எறங்கல தெரியுமா? அம்மா பெசஞ்சு குடுத்தாக்கூட வாந்திதான். நீதான் சொன்னே... அதுதான் சொல்லிச்சி. நானும் தட்டுல போட்டுக்கினு உக்காந்துட்டேன், நீயும் போட்டுக்கோ, ஒண்ணா சாப்டலாம்னு. இத்தினி நாளும் அதை நம்பித்தானே சாப்ட்டேன். அப்ப நான் சாப்ட்ட சோறெல்லாம்?"

மோனிஷா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தினமும் ஒன்பது மணிக்கு முதலில் வந்து விழுந்தது யார் கேட்டது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "தீபாவளி அன்னிக்கு ராத்திரி சேமியா உப்புமாவா?" என்று கேட்டாள். திரிஷா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. உனக்கு எப்டி தெரியும்? எங்க ஏரி ரொம்புன அன்னிக்கு?" "கேழ்வரகு அடை. முருங்கக்கீரை போட்டது." மெஷின் எழுதியது திரிஷாவின் போனில் இருந்தது, மோனிஷாவுக்கோ வயிற்றில் ஞாபகம் இருந்தது. இரண்டையும் வைத்து ஒத்துப் பார்த்தார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. தான் சுவரைப் பார்த்து அழுத ஒவ்வோர் இரவும் தாமலில் ஒரு பெண் ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறாள் என்பதை எந்தக் கணக்கில் வைப்பது என்று மோனிஷாவுக்குப் புரியவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. போகும்போது திரிஷா தன் நம்பரை அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மெஷினை மாற்றினார்கள். சனிக்கிழமை காலையில் மோனிஷாவுக்குப் பசித்தது. அவள் உட்கார்ந்து இட்லி இட்லியாகச் சாப்பிடுவதைப் பார்த்து மதனவதி அடுப்படியில் நின்று அழுதாள். ராத்திரியில் வயிறு சும்மா கிடந்தது. சம்பூர்ணம் வந்து இரண்டு நாள் கூடவே தங்கி, மருமகளின் மூச்சை முகர்ந்து பார்த்துத் திருப்தியாகி, தை மாதத்தில் முகூர்த்தம் குறித்துக்கொடுத்துவிட்டுப் போனார். ஊர் ஜனங்கள்தான் தடுமாறினார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் கடையில் வந்து சத்தம் போட்டார்கள். ரைஸ் மில்காரர் தம்பியை அனுப்பி, வேறு பெண் இருக்கிறதா என்று கேட்டார். மற்றவர்கள் எப்போதும்போல "சாப்டியாமா?" என்று கேட்டார்கள். நான் மெஷின், எனக்கு வயிறு இல்லை என்று அது சொன்னதும், "ஐயோ பாவம்" என்று எழுதிவிட்டு விலை கேட்டார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் ஒன்பது மணிக்கு மோனிஷாவின் சொந்த போனில் திரிஷா எழுதினாள். மெஷின் சாப்பிடலன்னு சொல்லுது, எனக்கும் எறங்க மாட்டேங்குது, நாலு நாளாச்சு, வேலையில மயக்கம் வந்துடுச்சி. பிறகு, நீ சாப்டியா?

அஞ்சு மணிக்கே ஆச்சு என்று மோனிஷா உண்மையை எழுதினாள். தெரியும், உங்க வழக்கம் அது, ஆனா இப்ப நீ சாப்பிடறேன்னு சொன்னாதான் எனக்கு எறங்கும், பைத்தியம்னு நெனச்சுக்கோ பரவால்ல, என்று வந்தது. வாத்தியார் சொன்ன சாக்கு ஒன்றும் இனி உதவாது. எழுதுவது அவள் கை, சம்மதிப்பது அவள் மனசு. கல்யாணமும் ஞாபகம் வந்தது, ஏழு வயதில் கைகூப்பி நின்றதும் ஞாபகம் வந்தது. தலைதலையாக அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிறகு எழுதினாள்: இட்லி வச்சுக்கினு உக்காந்துட்டேன், நீயும் தட்டு போடு. அனுப்பியதும் இட்லி வயிற்றில் வந்து இறங்கியது, தேங்காய்ச் சட்னியோடு. தாமலிலிருந்து ஒரு தட்டின் படம் வந்தது, பாதி காலியாகியிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால், மதனவதி காலைப் பிடித்துக் கெஞ்சியும் கேளாமல், மோனிஷா போன் செய்து சம்பூர்ணத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சம்பூர்ணம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ யாரு சாப்பிடறா?" என்று கேட்டார். "தெரியல அத்தை." "அந்தப் பொண்ணு சாப்பிடுதா?" "சாப்பிடுது." பத்திரிகை அடித்தாயிற்று, இனி என்ன செய்ய என்று சொல்லி சம்பூர்ணம் போனை வைத்தார். அவருக்குப் புரிந்ததா, கோபம் போயிற்றா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. புகுந்த வீட்டில் பொழுதோடு எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மோனிஷா போனை எடுத்துக்கொண்டு கூடத்து மூலையில் போய் உட்காருவாள். அபிஷேக் கண்டும் காணாததுபோல டிவி சத்தத்தைக் கூட்டுவான். சம்பூர்ணம் முதல் வாரம் எதுவும் கேட்கவில்லை, இரண்டாம் வாரமும் கேட்கவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள், வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறபோது மருமகள் அருகே நின்றார்.

"என்னமா இன்னிக்கு?"

"ரவா கிச்சடி, அத்தை."

சம்பூர்ணம் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெண் கொஞ்சம் இளைத்துத்தான் போயிருந்தாள். "நெய் ஊத்திக்கினேன்னு சேத்து எழுதுமா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.