பெலாண்டாக்களுக்குத் தேங்காயெண்ணெய்

ஜப்பான்காரன் ஆட்சியில் ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த காலத்தில், என் வீட்டுக்காரர் நாகூர் மீரான் பின்கட்டில் குந்தி ஆண் எலிகளுக்குப் பின்பக்கம் கழுவிக்கொண்டிருந்தார். இதை நான் யாரிடம் சொல்லி அழுவது?

எலி என்றால் சாதாரண எலி இல்லை. ஆஸ்பத்திரியில் ஜப்பான் டாக்டர் மருந்து சோதிப்பதற்காக வளர்க்கிற வாலில்லாத ஜந்து. அங்கே கணக்கெழுதும் கிராணி அதைக் கினிப்பன்றி என்றார். பன்றி என்கிற பேர் என் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மலாய்க்காரர்கள் அதைத் திக்குஸ் பெலாண்டா, அதாவது டச்சுக்கார எலி என்பார்கள். அதையே நாங்களும் பிடித்துக்கொண்டோம். போகப் போக எலியும் உதிர்ந்து, வீட்டில் வெறும் பெலாண்டா என்றே ஆகிவிட்டது.

ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். தனித்தனிக் கூண்டு வைக்க ஆஸ்பத்திரியில் இடமில்லையாம். காஜா பெராங்கில் என் வீட்டுப் பின்கட்டில்தான் இடம் கொட்டிக் கிடக்கிறதாம். கொண்டுவந்து அடுக்கிவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜாலான் பெண்டஹாராவில் அவர் வேலை பார்த்த துணிக்கடை மூடியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இதுகளைப் பராமரிக்கிற இந்த வேலைதான் கிடைத்தது. வேலையில்லாத ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் புருஷன் மருதமுத்து அப்படிப் போனவர்தான். ஒரு தகவலும் இல்லை. பெலாண்டாவில் ஒன்று செத்தாலும் வேலை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலை போனால் சயாம்தான்.

தெரியும். தெரிந்தால் மட்டும் ஆத்திரம் வராமல் இருக்குமா? ஒவ்வொன்றையும் மடியில் போட்டு வாயைத் திறந்து பல் பார்ப்பார். நகம் வெட்டுவார். தராசில் நிறுத்து எடை பார்ப்பார். பிறகு மல்லாத்தி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்த இடத்தில் முடி கிடி சுற்றியிருக்கிறதா என்று விலக்கிப் பார்ப்பார். வால் இருக்க வேண்டிய இடத்தில் ஆணுக்குப் பிசின் மாதிரி ஓர் அழுக்கு ஊறும். அது தேங்காயெண்ணெயில் ஊறினால்தான் இளகும், சோப்புப் போட்டால்தான் போகும். ஊரில் சோப்புக்கு ஆலாய்ப் பறந்த காலம் அது. என் மகள் பீவி உடம்பெல்லாம் சிரங்கோடு சொறிந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குத் தடவ வைத்த எண்ணெய் இங்கே போகிறது.

கிழட்டுப் பெலாண்டா ஒன்றுக்குக் கீழே புழுக்கை அடைத்துக்கொண்டு நாறியது. அன்று என் பொறுமை போய்விட்டது.

"பெலாண்டாவுக்கு சாபுன், பெலாண்டாவுக்கு எண்ணெய்! பெத்த புள்ள சொறிஞ்சு சாகுது! இந்த முசீபத்துங்கள எத்தன நாளைக்குத்தான் வீட்ல ஒளிச்சு வச்சு சோறு போடப் போறீங்க?" என்று கத்தினேன்.

"மெதுவா பேசு சபியா" என்றார். நானா மெதுவாகப் பேசுவேன்?

மறுநாள் காலையிலேயே ஜப்பான் சார்ஜன்ட் சிப்பாய்களோடு வந்து நின்றான். கூட ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளன்.

"பெலாண்டாவெல்லாம் எங்கய்யா?" என்று அவன் அதட்டினான்.

கிழடு நோய்ப்பட்ட சேதி டாக்டருக்கு எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் என் புத்திசாலி. கையைக் கட்டிக்கொண்டு, "பின்னாலதான் இருக்காங்க துவான். ஒருத்தருக்கு மட்டும் உடம்பு சரியில்ல. நான் பாத்துக்கறேன்" என்றார்.

எலிக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? மொழிபெயர்ப்பாளன் அதை ஜப்பான் பாஷையில் சொன்னதும் சார்ஜன்ட் விட்ட அறையில் அவர் சுவரில் மோதி விழுந்தார். துப்பாக்கிக் கத்தி அவர் கழுத்துக்கு வந்துவிட்டது. நான் கத்தியதைக் கேட்டு, ஜப்பான்காரனுக்கு எதிரியான டச்சுக்காரர்களை ஒளித்துவைத்திருக்கிறோம் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்கட்டுக்கு ஓடினேன். இருப்பதிலேயே கொழுத்ததைத் தூக்கிவந்து சார்ஜன்ட் முகத்துக்கு நேரே மல்லாத்திப் பிடித்தேன்.

"இதுதான் துவான் பெலாண்டா! நல்லாப் பாருங்க! ஆம்பளதான்!"

"மோருமொட்டோ!" என்று தன் பாஷையில் அதன் பேரைச் சொல்லி அவன் வெடித்துச் சிரித்தான். சிப்பாய்களும் சிரித்தார்கள். எனக்கும் பைத்தியம் மாதிரி சிரிப்பு வந்தது.

போய்த் தொலைவார்கள் என்று பார்த்தால், அவன் என் வீட்டுக்காரரைத் தூக்கி நிறுத்தினான். தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். கையைத் திருப்பிப் பார்த்தான். தோளை அமுக்கினான். அவர் பெலாண்டாவைப் பார்ப்பாரே, அதே மாதிரி. அவரும் அதுகளைப் போலவே அசையாமல் நின்றார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, சயாமுக்கு ஆவும்னு சொல்றாரு" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"இவரு டாக்டர் துவானோட ஆளு! இவரு போனா இதுங்க செத்துரும். டாக்டருக்கு யாரு பதில் சொல்றது? அவரா? கேளு!"

கேட்டான். சார்ஜன்ட் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"இதுங்க உசுரோட இருக்கற வரைக்கும் இவன் இங்க இருக்கட்டுமாம். ஒண்ணு செத்தாலும் சயாம்தானாம்."

அவர்கள் போன பிறகும் அவர் வாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நிக்கறீங்களே! தூக்கிட்டு வாங்க அந்தக் கெழட்டை!" என்று கத்தினேன்.

நானே மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டேன். பீவி முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு, உம்மா?"

"பொறுடி" என்றேன். போத்தலில் இருந்த எண்ணெயைச் சொட்டு விடாமல் கிழட்டின் பின்பக்கத்தில் கவிழ்த்தேன்.