தூக்கத்தைப் பற்றிப் பேச வந்தவர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கேசவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கண்ணெரிச்சல் வந்தது. அப்பா ஏர் ஓட்டிய நிலத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த வாடகை இருப்பதால் கடைக்கு ஆள் வராவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து போன் பார்ப்பார், இரவில் படுத்துக்கொண்டு பார்ப்பார்.

கண்ணெரிச்சலோடு தூக்கமும் போனபின், மனைவி சுபத்ரா அவரைக் கிழக்குத் தாம்பரத்தில் கண் டாக்டர் ஜெயப்ரியாவிடம் அழைத்துப் போனாள்.

"கண்ணுல கோளாறு எதுவும் இல்ல சார். போன் பாக்கறப்ப நீங்க சரியா கண்ணைச் சிமிட்டறதில்ல, அதான் காஞ்சுபோகுது. அப்பப்போ தூரத்துல பாருங்க. படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போனை வேற ரூம்ல வெச்சிடுங்க. அந்த வெளிச்சத்தைப் பாத்தா மூளை இன்னும் பொழுது சாயலன்னு நினைச்சுக்கும்" என்றார் டாக்டர்.

"மருந்து?"

"இதான் மருந்து."

கேசவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "இன்னா டாக்டர் இவங்க, ஒரு சொட்டு மருந்துகூட எழுதித் தரல" என்று வழியெல்லாம் குறைப்பட்டார். டாக்டர் சொன்னது சரிதானா என்று அன்றிரவு மூன்று மணிவரை போனில் தேடினார். அந்த வாரமே மஞ்சள் கண்ணாடி ஒன்றும், தூக்கத்தை அளக்கும் வாட்ச் ஒன்றும் வீடு தேடி வந்தன. வாட்ச் அவர் தூக்கத்துக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டது. மார்க் ஏறுகிறதா என்று இரவில் இரண்டு முறை எழுந்து பார்த்தார். மறுநாள் முப்பத்தொன்று.

"இந்தக் கண்ணாடி போட்டுக்கினு பாத்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

"அதான் ரெண்டு மணி நேரம் ஜாஸ்தியா பாத்துக்கினு கீறீங்க" என்றாள் சுபத்ரா.

கற்றதை ஊருக்குச் சொல்லாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. வட்ட விளக்கு ஒன்றை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தின் தீமைகளைப் பற்றி வீடியோ போட ஆரம்பித்தார். மாலையில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. இரவு பதினொன்றரைக்குப் போட்டால் இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். அதனால் பதினொன்றரைக்கே போட்டார். 'தூக்கம் வராம உங்க வீடியோவைத்தான் பாத்துக்கினு கீறேன் அண்ணா' என்று பம்மலிலிருந்து ஒருவர் எழுதினார். கேசவன் அதற்கு இதயம் போட்டு நன்றி சொன்னார்.

நான்கு மாதத்தில் பேர் பரவியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாம்பசிவன், 'திரையும் தூக்கமும்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். டாக்டர் யாரையாவது கூப்பிடலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "அவங்களுக்கு ஃபாலோயர்ஸ் இல்லியே சார்" என்றார்.

சனிக்கிழமை விடிய விடிய போனில் குறிப்பெடுத்த கேசவன், காலையில் கூட்டத்துக்குப் போனார். வாசலில் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள், அவருடையதையும். மேடையில் மாலை போட்டு உட்கார வைத்தார்கள். தலைக்குமேல் ஃபேன் சுற்றியது. சாம்பசிவன் வரவேற்புரையில் சங்கத்தின் வரலாற்றை எடுத்தார். கழிவுநீர்க் குழாய் போட்ட ஆண்டுக்கு அவர் வந்தபோது கேசவன் தூங்கிப்போயிருந்தார்.

தோளைத் தொட்டு எழுப்பப் போன சாம்பசிவனை, முன்வரிசையிலிருந்து எழுந்த சுபத்ரா தடுத்தாள். "எழுப்பாதீங்க சார். நாலு மாசமாச்சு, இப்படித் தூங்கி." பிறகு மைக்கை வாங்கி, டாக்டர் சொன்னதை இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

"அவ்ளோதானா?" என்றது கூட்டம்.

கேசவன் கண் விழித்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரில் சுபத்ராவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகையில் கேட்டார். "அப்ப யார் பேசுனது?"

"நான்தான்."

அவர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். எரிச்சல் இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் போனை அவளிடம் நீட்டினார். "ராத்திரி இத எங்கியாவது வெச்சிரு. கேட்டாலும் குடுக்காத."

சுபத்ரா அதை அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள். பத்து மணிக்கெல்லாம் கேசவன் குறட்டை விட ஆரம்பித்தார். அது விடியும்வரை நிற்கவில்லை. அன்று தூக்கம் வராமல் புரண்டது சுபத்ராதான்.