பொட்டுக்கு விட்ட இடம்

செத்தவர்களின் முகத்தை வரைந்து கொடுப்பதுதான் பூண்டுலோயா டவுனில் என் பிழைப்பு. நெற்றியை மட்டும் நான் வரைவதே இல்லை. மேலே முடியோரம் ஒரு கோடு, கீழே புருவம். நடுவில் சும்மா விட்ட வெள்ளைத்தாளே நெற்றியாகிவிடும். அந்த வெள்ளையை வைத்துத்தான் மாயாண்டியும் அவருடைய அண்ணன் மகள் பிரியந்தியும் என் கடையில் சண்டை பிடித்தார்கள்.

படம் பிரியந்தியின் அம்மா வீரம்மாவுக்கு; போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அப்பா பொன்னையாவை அதற்கு முந்திய மழையிலேயே மண்சரிவு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. கண்ணால் பார்க்காமல் பொட்டை அழிக்கமாட்டேன் என்று வீரம்மா சாகும்வரை வைத்துக்கொண்டே இருந்தாளாம்.

"பொட்டு வேணாம் தங்கச்சி," என்றார் மாயாண்டி. "எங்கண்ணன் செத்துருச்சு. மரண சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாங்க. பாக்குறவங்க சிரிப்பாங்க."

"பொட்டு இல்லாட்டி அது எங்கம்மாவே இல்ல அக்கா!" பிரியந்தி அழுதுவிட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "செத்தவ நெத்தியில என்னய்யா பஞ்சாயத்து? போயிட்டு நாளைக்கு வாங்க!" என்று மாயாண்டியை விரட்டினேன். பின்னால் போன பிரியந்தியை நிறுத்தி, அப்பா படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் மண்ணுக்குள்ள போச்சு அக்கா. மூட்டை தூக்கித் தூக்கி அப்பாவுக்கு வலது தோளு எறங்கி இருக்கும். அது மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

வீரம்மாவை வரைந்தேன். பக்கத்தில் ஒரே கோடு: கழுத்து, சரிந்த வலது தோள், கை. முகம் இருக்கவேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். பிறகு வீரம்மாவுக்குப் பொட்டு வைத்தேன். புருஷன் பக்கத்தில் இருக்கும்போது எவன் அழிக்கிறான், பார்க்கிறேன் என்று வீம்புதான்.

மறுநாள் மாயாண்டி பொட்டைப் பார்த்ததும் குதித்தார். "அவ்வளவு சொல்லியும் வச்சிட்டீங்களே!"

பேசிக்கொண்டே இருந்தவரின் கண் பொட்டுக்குப் பக்கத்திலிருந்த கோட்டுக்குப் போனது. அந்தத் தாழ்ந்த தோளை விரலால் தடவினார். "அண்ணே..." என்று ஸ்டூலில் உட்கார்ந்தவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"சாடை சொல்லுங்கண்ணே, மொகத்தையும் வரைஞ்சு தாரேன்," என்றேன்.

"வேணாம் தங்கச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடம் அப்படியே இருக்கட்டும். அண்ணன் வந்தோடன பாத்து வரைஞ்சுக்கலாம்."