ஒத்திகை நாளில் வந்த அழைப்பு

எங்கள் ஆலையில் யாராவது செத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் போன வருடமே எழுதி வைத்துவிட்டேன். மக்கள் தொடர்பு அதிகாரிக்கு அதுவும் ஒரு வேலை. "ஆழ்ந்த வருத்தம்" என்று தொடங்கி "உறுதுணையாக இருப்போம்" என்று முடியும் ஐந்து வரி அறிக்கை. தேதிக்கு ஒரு கோடு, பெயருக்கு ஒரு கோடு, எண்ணிக்கைக்கு ஒரு கோடு. எண்ணிக்கைக்கு விட்ட இடத்தில் இரண்டு இலக்கம் தாராளமாக எழுதலாம். அவ்வளவு முன்யோசனை எனக்கு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை. அன்று பத்திலிருந்து பதினொன்று வரை ஆலையின் அவசர எண் தீயணைப்புப் பிரிவுக்குப் போகாமல் என் அறைக்கு வரும். ஆலைக்குள்ளிருந்து ஒருவர் விபத்து என்று கத்துவார். நாங்கள் பதறாமல் கேட்டு, படிவத்தில் குறித்து, அறிக்கையைத் தயார் செய்ய வேண்டும். நிஜமான ஆபத்துக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேறு எண். அதை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். தொட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களிடம் நேரில் சொல்லத் தோன்றவில்லை, பாவி.

போன ஒத்திகையில், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் என்னை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டிவிட்டுப் போனார். "மேடம், கூப்பிட்டவர் பேப்பரப் பாத்து வாசிக்கிறார். உயிரே இல்ல." என் பதவி உயர்வுக்கு அவர் போடும் மதிப்பெண்ணும் சேரும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை வசனத்தை நானே எழுதினேன். நடுவில் "விளையாட்டு இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்!" என்று ஒரு வரியைச் செருகினேன். பேசப்போவது யார் என்று எனக்கே தெரியக் கூடாது என்று தாளைப் பயிற்சியாளரிடம் கொடுத்து, ஏதாவது ஒரு பிரிவுக்கு அனுப்பி அங்கேயே ஆள் பிடிக்கச் சொன்னேன்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சீக்கிரம் யாரையாச்சும் அனுப்புங்க! மூணாம் தொட்டிக்குள்ள ரெண்டு பேர் விழுந்து கிடக்காங்க! மொதல்ல எறங்கினவன் மயங்கிட்டான், தூக்கப் போன என் தம்பியும் ஏறி வரல!"

நான் எழுதியதில் தம்பி இல்லை. சொந்தச் சரக்கையும் சேர்க்கிறாரே என்று மகிழ்ந்துபோனேன். பயிற்சியாளரும் தலையாட்டினார்.

"பதறாமப் பேசுங்க. எந்த ஷிப்ட்? எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

"அதெல்லாம் எதுக்குங்க இப்போ? கயிறு வேணும், ஆக்சிஜன் வேணும்! விளையாட்டு இல்லங்க, நிஜமாத்தான் சொல்றேன்!"

என் வரி. படிவத்தில் டிக் அடித்தேன்.

"ரொம்ப நல்லா பண்றீங்க," என்றேன். "தொட்டி நம்பர மட்டும் இன்னொரு தடவை தெளிவா சொல்லுங்க."

அவர் அழுதுகொண்டே சொன்னார். நான் அடுத்த கேள்விக்குப் போனேன், அதற்கடுத்த கேள்விக்கும் போனேன். கடைசியில் அவருக்குப் பேச்சே வராமல் தொடர்பு அறுந்தது. மொத்தம் நாலு நிமிடம். பயிற்சியாளர் பத்துக்குப் பத்து போட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

உடனே மறுபடி மணி.

"மேடம், நான் கேன்டீன் சூப்பர்வைசர். லைன் பிஸியாவே இருந்துச்சு. இப்ப கத்தலாமா?"

நான் டிக் அடித்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர்தான் தீயணைப்புப் பிரிவுக்குப் போன் போட்டார். அவர்கள் இரண்டு பேரையும் தூக்கியபோது இருவருக்கும் மூச்சு இல்லை. "மொதல் ஆள் போய் நேரமாச்சு," என்றார் ஆலை டாக்டர். "தம்பிக்காரன மூணு நாலு நிமிஷம் முன்னாடி தூக்கியிருந்தா பொழச்சிருப்பான்."

மதியம் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு என் அறிக்கையை நீட்டினார். எண்ணிக்கைக் கோட்டில் ஏற்கெனவே 2 என்று நிரப்பியிருந்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தேன். 'தகவல் கிடைத்த உடனேயே மீட்புப் பணி தொடங்கப்பட்டது.'

"இத எடுத்துடலாம் சார். பொய்யாப் போச்சு."

"அழகாத்தானே எழுதியிருக்கீங்க? போன் உங்க ரூமுக்கு வந்தது வெளிய தெரிஞ்சா மொதல்ல மாட்டுறது யாரு? நீங்களே வாசிங்க."

பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

வாசலில் மைக்குகளுக்குப் பின்னால் தொட்டி கழுவுகிறவர்கள் கூட்டமாக நின்றார்கள். இறந்த தம்பியின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன். குரல் நடுங்கவே இல்லை. அதற்கும் பயிற்சி எடுத்திருக்கிறேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது பூட்ஸ்காரர் தலையைத் தூக்கினார்.

"என்ன மாமா?" என்றாள் அவள்.

"இந்தக் குரல்தாம்மா," என்றார் அவர். "நான் கதறக் கதற, ரொம்ப நல்லா பண்றீங்கன்னு சொல்லுச்சே... இதே குரல்தான்."

மைக்குகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. என் கையிலிருந்த தாளில் வாசிக்க இன்னும் இரண்டு வரி இருந்தது.