எட்டுக் காலுக்கு ஆறடி

நோய்ப் பரவலால் அறிவியல் புனைகதை ரசிகர்களின் ஆண்டு மாநாடு இந்த முறை இணையத்துக்கு வந்துவிட்டது. வேடப் போட்டியில் எனக்கு மூன்று நிமிடம். நான் வேற்றுக்கிரகச் சிலந்தி அரசி. அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆறு கால்கள் செய்ய இரண்டு மாதம் ஆனது. மீதி இரண்டு என்னுடையவை.

“முகம் மட்டும்தான் தெரியுது. பின்னால போங்க,” என்றார் நடுவர்.

போனேன். முதுகில் சுவர் இடித்தது.

“இன்னும் கொஞ்சம்மா.”

“இதுக்கு மேல போனா பக்கத்து வீட்டுலதான் சார் நிக்கணும்.”

“அப்ப பெரிய ரூமுக்குப் போயிடுங்களேன்.”

இருப்பதே இந்த ஓர் அறைதான். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று ஊரே சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஆறடிதான் இல்லை. கால் மாற்றி நிற்கக்கூட இடமில்லாமல் கொதித்தேன்.

மூட்டை தூக்கிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அலமாரியில் நிறுத்தியிருந்த கைபேசியை எடுத்து, பின் கேமராவுக்கு மாற்றி, வாசலைத் தாண்டி, நடைவழியில் பின்பக்கமாகவே நடந்து மாடிப்படி வரை போனார். திறந்த கதவுக்குள் நான் எட்டுக் காலையும் விரித்தேன்.

“தெரியுதா சார்?” என்று அப்பா கத்தினார்.

“தெரியுது. ஆனா நேரம் முடிஞ்சிடுச்சு.”

“அட இருய்யா! நானே இப்பதான் முழுசா பாக்கறேன். இன்னும் ரெண்டு கால் எண்ணணும்.”

அவர் எண்ணி முடிக்கும்வரை நான் ஒரு காலையும் மடக்கவில்லை.